பழைய ஈஸ்டர் அட்டைகளில் கோழிக்குஞ்சுகள்: எப்படி வந்தன, எப்படிப் பார்ப்பது?

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சான ஈஸ்டர் வாழ்த்து அட்டைகளைப் புரட்டினால் சிலுவைக்குச் சளைக்காமல் கோழிக்குஞ்சும் கண்ணில் படும். ஓட்டைப் பிளந்து எட்டிப் பார்க்கும் குஞ்சு, முட்டை ஓட்டையே வண்டியாக்கி இழுத்துப்போகும் குஞ்சுகள், தொப்பியும் குடையுமாக ஊர்வலம் போகும் குஞ்சுகள். அதே காலத்துக் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களிலும் கோழிகள் உண்டு. ஆனால் அவை வேறு மாதிரி. பண்ணை வீட்டு முற்றத்தில் ஒரு பெண் தீனி இறைக்க, அவளைச் சுற்றிப் பெட்டைக்கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டையும் அழகான பழம்பொருள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கோழிக்குஞ்சு அட்டைக்குள் வந்ததற்கு ஓவியரின் ஆசை மட்டும் காரணமல்ல. சூரியன், திருச்சபையின் நோன்பு விதி, தபால் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை அங்கே கொண்டுவந்து நிறுத்தின.

தபாலில் தொடங்கலாம். உலகின் முதல் அரசுத் தபால் அட்டையை ஆஸ்திரியா-ஹங்கேரி 1869 அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. அதில் படம் கிடையாது, ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு பிரிட்டனும் 1873-ல் அமெரிக்காவும் தபால் அட்டையைக் கொண்டுவந்தன. படம் போட்ட அட்டைகளைத் தனியார் நிறுவனங்கள் அச்சிடலாம், அவற்றுக்கும் அரசு அட்டைக்குரிய ஒரு சென்ட் கட்டணமே போதும் என்று அமெரிக்காவில் 1898 மே மாதச் சட்டம் வழிவிட்டது. அன்று கடிதத்துக்கு இரண்டு சென்ட்.

ஒரு தடை மட்டும் மிச்சம் இருந்தது. பின்புறம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்ததால், எழுத வேண்டியதைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டியிருந்தது. குஞ்சின் காலடியிலும் தலைக்கு மேலும் மையால் கிறுக்கிய அட்டைகள் இந்தக் காலத்தவை. பிரிட்டன் 1902-லும், ஜெர்மனி 1905-லும், அமெரிக்கா 1907 மார்ச் 1 முதலும் பின்புறத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி என்று அனுமதித்தன. முன்புறம் முழுவதும் ஓவியருக்குக் கிடைத்தது. அதன் பிறகு அட்டைகள் வெள்ளமாகப் பெருகின. 1908 ஜூனில் முடிந்த நிதியாண்டில் மட்டும் அமெரிக்கத் தபால் துறை 67 கோடியே 77 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைக் கையாண்டது. அன்றைக்கு அந்த நாட்டின் மக்கள்தொகை 9 கோடியைக்கூட எட்டியிருக்கவில்லை. கிராமப்புற வீடுகளுக்கே தபால்காரர் வந்து தரும் திட்டம் 1902-ல் நிரந்தரமாகியிருந்ததால், ஊருக்கு வெளியே ஒற்றையாக நிற்கும் பண்ணை வீட்டுக்கும் அட்டை போய்ச் சேர்ந்தது.

இத்தனை அட்டைகளுக்கும் படம் வேண்டும். ஈஸ்டருக்கு ஏன் கோழிக்குஞ்சு?

மேற்குத் திருச்சபைக் கணக்கின்படி, மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம். அதற்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் விலக்கு. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளில் இன்றும் அப்படித்தான். மனிதர்கள் நோன்பு இருக்கலாம், கோழிக்கு நோன்பு ஏது? அது இட்டுக்கொண்டேதான் இருக்கும். சேர்ந்துபோன முட்டைகளை வேகவைத்து, சாயம் தோய்த்து, உயிர்ப்பு ஞாயிறு அன்று உண்டும் பரிசளித்தும் தீர்த்தார்கள். மூடிய ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வெளிப்படுவது கல்லறையிலிருந்து கிறிஸ்து உயிர்த்தெழுந்ததற்கு அடையாளம் என்ற விளக்கமும் இந்த வழக்கத்தோடு இணைந்துகொண்டது.

நோன்பு விதியை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது கோழியின் உடலுக்குள் நடக்கும் கணக்கு. பகல் நீள நீளத்தான் பெட்டைக்கோழி நன்றாக முட்டையிடும். ஒளியைக் கண் வழியாக மட்டும் அது உணர்வதில்லை. மண்டையோட்டைத் துளைத்துவரும் வெளிச்சத்தை உணரும் செல்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன. நாளுக்கு ஏறத்தாழ 14 மணி நேர வெளிச்சம் கிடைத்தால் இடுதல் முழுவேகம் பெறும். பெர்லினில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது, கோழிகள் ஏறக்குறைய இடுவதையே நிறுத்திவிடும். மார்ச் 21 வாக்கில் பன்னிரண்டு மணி நேரம், ஏப்ரல் முடிவதற்குள் பதினான்கைத் தாண்டும். அங்கே முட்டை என்பது வசந்தத்தின் விளைச்சல். சென்னையில் ஆண்டு முழுவதும் பகல் பதினொன்றேகால் மணி நேரத்துக்கும் பதின்மூன்று மணி நேரத்துக்கும் இடையிலேயே நிற்பதால், முட்டைக்கு ஒரு பருவம் உண்டு என்ற எண்ணமே நமக்குப் பழக்கமில்லை. இந்த அட்டைகளின் மகிழ்ச்சி நமக்குச் சட்டென்று பிடிபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் முட்டை அரிதாக இருந்த வீட்டில் முதல் குஞ்சு பொரிந்து வந்தால் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று பொருள்.

மார்ச் தொடக்கத்தில் அடைவைத்த முட்டை 21 நாளில் பொரியும். மாதக் கடைசியில் குஞ்சுகள் முற்றத்தில் ஓடும். ஈஸ்டரும் அப்போதுதான். ஓவியர் புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

அட்டையில் குஞ்சோடு கூடவே வரும் மற்ற பொருள்களும் இதே நாட்காட்டியைச் சேர்ந்தவை. வெள்ளிநிறப் பஞ்சு மொக்குகள் உள்ள ஒரு கிளை அடிக்கடி தென்படும். அது ஒரு வகை வில்லோ மரக்கிளை. வட ஐரோப்பாவில் தென்னையும் ஈச்சையும் ஏது? குருத்தோலை ஞாயிறுக்குக் குருத்தோலைக்குப் பதில் இந்த மொக்குக் கிளையைத்தான் கையில் ஏந்தினார்கள். பிரெஞ்சு அட்டைகளில் கோயில் மணி வரும். புனித வியாழனுக்குப் பின் மௌனமாகிவிடும் மணிகள் ரோமுக்குப் பறந்துபோய், ஈஸ்டர் அன்று முட்டைகளோடு திரும்புகின்றன என்பது அங்கே குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. முயல் வந்தால் அது ஜெர்மன் மரபு, 1682-லேயே அதைப் பற்றிய எழுத்துக் குறிப்பு இருக்கிறது.

இனி ஓர் அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 1908 வாக்கில் ஜெர்மனியில் அச்சான ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலை மேலே ஓட்டினால் குஞ்சின் உடல் மேடாகத் தட்டுப்படும். பின்புறம் அதே இடம் பள்ளமாக இருக்கும். ஆண் அச்சு, பெண் அச்சு இரண்டுக்கும் நடுவே தாளை வைத்து அழுத்தி உண்டாக்கிய புடைப்பு அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மஞ்சள் ஒரே மஞ்சளாக இருக்காது. வெளிர்மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு, இளஞ்சிவப்பு எனச் சிறுசிறு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். இதுதான் குரோமோலித்தோகிராஃபி, அதாவது கல்லச்சில் பல வண்ணம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். கல்லின் மேற்பரப்பில் கொழுப்பு மையால் கைவினைஞர் புள்ளி புள்ளியாக வரைவார். சிறந்த கற்கள் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுரங்கங்களிலிருந்து வந்தன. நல்ல அட்டை ஒன்றுக்குப் பத்து நிறங்கள்கூடச் செலவாகும். தாள் அத்தனை முறையும் இம்மி பிசகாமல் அதே இடத்தில் படிய வேண்டும். பிசகினால் அலகுக்குப் பக்கத்தில் இன்னோர் அலகின் நிழல் விழும். ஒரு சென்ட் தபாலில் போகப்போகும் பொருளுக்கு இத்தனை உழைப்பு போட்டிருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு முறையும் என்னை நெகிழவைக்கிறது.

இந்தத் தொழிலில் ஜெர்மனிக்கு நிகர் அப்போது இல்லை. புடைப்பு அட்டைகளுக்குப் பெர்லினின் பால் ஃபிங்கன்ராத் நிறுவனம் பெயர்பெற்றது. லண்டனின் ரஃபேல் டக் அண்ட் சன்ஸ் நிறுவனமும் அமெரிக்கப் பதிப்பாளர்களும்கூடத் தங்கள் அட்டைகளில் பலவற்றை ஜெர்மன் அச்சகங்களில்தான் அடித்தார்கள். ஓவியர்களில் அமெரிக்காவின் எல்லன் கிளாப்சாடில், ஸ்வீடனின் ஜென்னி நீஸ்ட்ரோம் ஆகிய இருவரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். வாழ்த்து அட்டை ஓவியத்தால் பெயர்பெற்ற பெண்கள் இவர்கள். படத்தை முதலில் அச்சிட்டுவிட்டு, வாழ்த்து வரியைக் கடைசியில் தனியாக ஏற்றும் வழக்கமும் இருந்தது. அதனால் ஒரே குஞ்சு ஒரு நாட்டுக்கு ஆங்கிலத்திலும், இன்னொரு நாட்டுக்கு ஜெர்மனிலும், மற்றொன்றுக்கு பிரெஞ்சிலும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு போகும்.

அட்டைக் குஞ்சுக்கும் அசல் குஞ்சுக்கும் எவ்வளவு தூரம்? கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அட்டையில் முட்டை நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், ஓரம் ரம்பப் பல் போல நெளிந்திருக்கும், கீழ்ப்பாதிக் கிண்ணத்திலிருந்து பஞ்சுப் பந்தாகக் குஞ்சு எட்டிப் பார்க்கும். உண்மையில் குஞ்சு ஓட்டைத் துளைப்பது முட்டையின் மழுங்கிய முனைப் பக்கம், காற்றறை இருக்கும் இடத்தில். அலகின் நுனியில் முளைத்திருக்கும் முட்டைப்பல்லால் ஒரு சிறு துளை போட்டு, நெடுநேரம் ஓய்ந்துகிடந்து, பிறகு உள்ளுக்குள் மெல்லச் சுழன்றபடி வட்டமாக உடைத்துக்கொண்டு வரும். ஆகவே கழன்று விழுவது முனைப்பக்கத்து மூடி. வெளியே வரும் குஞ்சோ ஈரமாக, தலையைத் தூக்க முடியாமல் களைத்துக் கிடக்கும். சில மணி நேரம் கழித்துத் தூவி உலர்ந்த பிறகுதான் அட்டையில் காணும் உருண்டை வடிவம் வரும். ஓவியர்கள் இந்த இரண்டு கணங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அது பிழையென்று நான் நினைக்கவில்லை. பிறப்பின் வியப்பும் பஞ்சுத் தூவியின் அழகும் ஒரே சட்டகத்துக்குள் வேண்டியிருந்தது, கொண்டுவந்தார்கள்.

நிறத்துக்கும் இது பொருந்தும். எல்லாக் குஞ்சும் மஞ்சள் இல்லை. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களின் குஞ்சு மஞ்சள். ரோட் ஐலண்ட் ரெட் குஞ்சு செம்பழுப்பு. வரிகொண்ட பிளைமவுத் ராக் குஞ்சு கறுப்பு, உச்சந்தலையில் மட்டும் வெளிர்ப் புள்ளி. எல்லாக் கோழிகளுக்கும் மூதாதையான காட்டுக்கோழியின் குஞ்சுக்கு, சருகோடு சருகாக ஒளிந்துகொள்ள வசதியாகப் பழுப்பு வரிகள். அன்றைய பண்ணைகளில் இவையெல்லாம் கலந்துதான் ஓடின. அச்சுத் தாளில் எடுப்பாகத் தெரிவதும் வசந்தத்தின் பூக்களோடு ஒத்துப்போவதும் மஞ்சள்தான் என்பதால், அட்டைகளில் மஞ்சளே நிலைத்தது.

முதல் உலகப்போர் குஞ்சுகளையும் விடவில்லை. ஜெர்மன், ஆஸ்திரிய அட்டைகளில் குஞ்சுகள் படைவீரரின் தொப்பியோடு அணிவகுத்தன. ஈஸ்டர் முட்டை பீரங்கிக் குண்டின் இடத்தைப் பிடித்தது. பிரெஞ்சுப் பக்கம் தங்கள் தேசியச் சின்னமான சேவலை நிறுத்தி ஜெர்மன் கழுகைப் பார்த்துக் கூவவைத்தார்கள். குழந்தைகளுக்கு அனுப்பிய பண்டிகை வாழ்த்தில் போர் புகுந்துகொண்ட அந்த அட்டைகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. வண்ணக் கல்லச்சின் பொற்காலமும் அங்கேதான் ஓய்ந்தது. 1909-ல் அமெரிக்கா இறக்குமதி அட்டைகளுக்குத் தீர்வையை உயர்த்தியிருந்தது, 1914-ல் போர் மிச்சத்தையும் அறுத்தது.

இப்போது புகைப்படங்களுக்கு வருவோம். என் மனம் இவற்றின் பக்கம்தான். 1903-ல் கோடக் நிறுவனம் 3ஏ என்ற மடக்குக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் ஃபிலிம் மூன்றேகால் அங்குல அகலம், ஐந்தரை அங்குல நீளம், சரியாக ஒரு தபால் அட்டையின் அளவு. பின்புறம் தபால் அட்டைக் கோடுகள் அச்சிட்ட புகைப்படத் தாளும் கடையில் கிடைத்தது. சொந்த முற்றத்தில் எடுத்த படத்தை நேரே அந்தத் தாளில் பதித்துத் தபாலில் போட்டார்கள். இவற்றைச் சேகரிப்பாளர்கள் அசல் புகைப்பட அட்டை என்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கல்லச்சுப் புள்ளிகள் இருக்காது, சாம்பல் நிறம் இடைவெளியில்லாமல் இழையும். அச்சு அட்டையையும் புகைப்பட அட்டையையும் பிரித்தறிய இதைவிட எளிய வழி இல்லை.

இத்தகைய படத்தில் முதலில் கொண்டையைப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டையும் தாடியும் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. நீலமும் ஊதாவும் நன்றாகப் பதியும், சிவப்பு பதியவே பதியாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றிவைத்து வேலை செய்ய முடிந்ததும் அதனால்தான். பச்சை, மஞ்சள் ஒளியையும் உணரும் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் வந்த பிறகும் சிவப்பு இருட்டாகவே நின்றது. சாதாரணத் தகட்டில் எடுத்தால் மஞ்சள் குஞ்சுகூட மங்கிய சாம்பலாகிவிடும். ஐரோப்பிய ஸ்டுடியோக்கள் பண்டிகைக்காகத் தயாரித்த படங்களில் இந்த இழப்பைக் கையால் ஈடுகட்டினார்கள். குஞ்சுக்கு மஞ்சள், ரிப்பனுக்கு ரோஜா நிறம், கொண்டைக்குச் சிவப்பு என்று அச்சிட்ட பிரதியின் மேல் சாயம் தீட்டினார்கள். கோட்டைத் தாண்டி வழிந்த மஞ்சளை இன்றும் அவற்றில் பார்க்கலாம். ஆளுயர முட்டைக்குள்ளிருந்து குழந்தை எட்டிப் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவின் செட்டும் வெட்டி ஒட்டும் வித்தையும்.

முற்றத்தில் எடுத்த படங்களில் அந்த ஒப்பனை கிடையாது. வீட்டுச் சுவரின் பலகை ஒவ்வொன்றும் துல்லியமாக இருக்கும், தரையைக் கொத்தும் கோழியின் தலை மட்டும் கலங்கியிருக்கும். ஷட்டர் மூடுவதற்குள் கோழி கொத்தி முடித்துவிட்டது. ஏன் இத்தனை படங்களில் யாராவது தீனி இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்? அது அன்றாட வேலை என்பது ஒரு காரணம். இறைத்தால்தான் கோழிகள் கேமராவுக்கு முன்னால் கூடி நிற்கும் என்பது இன்னொன்றாக இருக்க வேண்டும். இறைப்பவர் பெரும்பாலும் பெண். மடித்துப் பிடித்த ஏப்ரனில் தானியம், பக்கத்தில் ஒரு வாளி. அமெரிக்கப் பண்ணைகளிலும் பிரிட்டிஷ், ஐரிஷ் கிராமங்களிலும் கோழி பெண்களின் பொறுப்பு. முட்டை விற்ற காசு அவர்கள் கையில் நின்றது. மளிகையும் துணியும் பிள்ளைகளின் செருப்பும் பெரும்பாலும் அதிலிருந்து வந்தன. கோதுமை வயலுக்கும் குதிரைக்கும் பக்கத்தில் ஆண் நிமிர்ந்து நிற்கும் படங்களைப் போலவே, கோழிகளுக்கு நடுவே நிற்கும் இந்தப் பெண்ணின் படமும் ஒரு தொழிலின் ஆவணம். அதை வெறும் கிராமியக் காட்சி என்று தலைப்பிட்டுவிடுவது அந்த உழைப்பைக் காணாமல் செய்துவிடுகிறது.

அட்டையின் காலத்தைக் கண்டுபிடிக்க முத்திரையில் தேதி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பின்புறம் பேசும். நடுக்கோடு இல்லாத அமெரிக்க அட்டை 1907-க்கு முந்தையது. படத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விட்டு அச்சிட்டிருந்தால் ஏறத்தாழ 1915-க்குப் பின். அசல் புகைப்பட அட்டையில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அஜோ என்ற தாளின் பெயர் ஆங்கில எழுத்துகளில் (AZO) அச்சாகி, நான்கு மூலையிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலும் இரண்டு கீழும் நோக்கினால் அதற்குப் பிந்தையது. பழைய தாளை நெடுங்காலம் வைத்திருந்து பயன்படுத்தியவர்களும் இருந்திருப்பார்கள் என்பதால் இதை உத்தேசமாகவே கொள்ள வேண்டும். ஆடை, வேலி, கோழி இனம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

1918-ல் அமெரிக்கத் தபால் துறை இன்னொரு கதவைத் திறந்தது. பொரித்து ஒரு நாளே ஆன உயிருள்ள குஞ்சுகளைத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் தபாலில் அனுப்பலாம் என்றது. பொரிவதற்குச் சற்று முன் மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் இல்லாமல் தாங்கும். இன்குபேட்டர் வைத்த குஞ்சு பொரிப்பகங்கள் இதனால் பெருகின. ஊரில் அடைக்கோழி அடையில் உட்காரும் வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் கோழிக் கொட்டகைகளில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. டிசம்பரிலும் கோழிக்குப் பதினான்கு மணி நேரப் பகல் கிடைத்தது, முட்டை ஆண்டு முழுவதும் வந்தது. ஈஸ்டர் அட்டைகளில் மஞ்சள் குஞ்சு அதன் பிறகும் தொடர்ந்து வந்தது. குளிர்காலம் முழுக்க முட்டைக்குக் காத்திருந்துவிட்டு அதைப் பார்த்தவர்கள்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துபோனார்கள்.